ரயில் மாதிரி வாங்குகிறவர்களே, வண்டியின் அடிப்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள்

வடக்குப் பாதை ரயில் மாதிரிகள், யாழ்ப்பாணத்துக்கு ஓடும் யாழ்தேவி ரயிலின் நினைவுப் பொருட்கள் என்று முகநூலில் ஒருவர் கடை விரித்திருக்கிறார். வவுனியாவுக்கும் பளைக்கும் இடையில் உள்ளவர்களைத்தான் அவர் குறி வைக்கிறார் என்பது என் கணிப்பு. என்னிடம் 38,000 ரூபா வாங்கிக்கொண்டு மூன்று பொருட்கள் அனுப்பினார். மூன்றும் பொய். பெயரைப் போட்டு எழுதிப் பயனில்லை, அவர் பெயரைச் சட்டை மாற்றுவதுபோல மாற்றுகிறார். அதனால் அவர் விற்கும் விதத்தையும் அனுப்பிய பொருட்களின் இலட்சணத்தையும் எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் இந்தப் பொழுதுபோக்கு உள்ளவர்கள் சிலர்தான். நான் கிளிநொச்சியில் வீட்டின் பின்னறையில் ஒட்டுப்பலகை அடித்து, 1990க்கு முன்பிருந்த மாங்குளம் நிலையத்தைச் சிறிதாக அமைத்து வருகிறேன். தண்டவாளம், சக்கரம், மோட்டார் எதுவும் இங்கே கடையில் கிடைக்காது. டொரொன்டோவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ ஊருக்கு வருகிற உறவினரின் பெட்டியில் உடுப்புகளுக்கு நடுவே வரவேண்டும். அப்படி வந்தாலும் அவை வெளிநாட்டு வண்டிகள். எங்கள் பாதையில் ஓடிய வண்டிக்கு, யாராவது கையால் செய்து தந்தால்தான் உண்டு.

வாங்க ஆள் இருக்கிறது, பொருள் இல்லை. அந்த இடைவெளியில்தான் இந்த வியாபாரி நுழைகிறார். வடக்குப் பாதை 1905இல் காங்கேசன்துறை வரை முழுமையாகத் திறக்கப்பட்டது. 1990 ஜூனில் வவுனியாவுக்கு வடக்கே ஓட்டம் நின்றது. பிறகு தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிகளுக்குப் போயின, நிலையங்கள் சுவர்களாக நின்றன. 2013 செப்டெம்பர் 14ஆம் திகதி கிளிநொச்சிக்கு மறுபடி ரயில் வந்தபோது, அதைப் பார்க்க வந்த கூட்டத்தில் பாதிப்பேர் வாழ்க்கையில் ரயிலையே கண்டிராதவர்கள். பழைய ரயிலின் ஒரு துண்டாவது கையில் இருக்கவேண்டும் என்ற ஆசை இங்கே பலருக்கு உண்டு. கொழும்பில் இருக்கிறவருக்கு அது வெறும் சேகரிப்பு. அந்த வித்தியாசத்தை இந்த வியாபாரி நன்றாகப் படித்து வைத்திருக்கிறார். அவருடைய விளம்பரங்களில் "நாம் இழந்தவை" என்ற சொற்கள் வராத விளம்பரம் கிடையாது.

அவர் எனக்குச் சொன்ன பொருள், எம்2 வகுப்பு டீசல் இயந்திரத்தின் எச்.ஓ. அளவு மாதிரி, இலக்கம் 570, பெயர் அல்பேர்ட்டா. தெரியாதவர்களுக்கு: எம்2 என்பது 1954 முதல் வந்த ஜெனரல் மோட்டர்ஸ் ஜி12 வகை. கொழும்புத் திட்டம் என்ற உதவித் திட்டத்தின் கீழ் கனடா கொடுத்தது என்பதால் முதல் இயந்திரங்களுக்கு ஒன்ராறியோ, அல்பேர்ட்டா, கியூபெக் என்று அந்நாட்டு மாகாணங்களின் பெயர்கள். எச்.ஓ. என்றால் உண்மை அளவில் 87இல் ஒரு பங்கு.

படங்கள் அழகாக இருந்தன. அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பும்படி கேட்டேன். மேலேயிருந்து எடுத்த இன்னும் நான்கு படங்கள் வந்தன. ஒரு படத்தில் மேசைக்குப் பின்னால் யன்னல் தெரிந்தது, யன்னலுக்கு வெளியே பனி கொட்டிக் கிடந்தது.

"தம்பி, இது எங்கே செய்தது?"

"மருதானையில் அண்ணா. எங்களுடைய பட்டறையிலேயே."

மருதானையில் பனி பெய்ததை அந்த ஒரு படத்தில்தான் கண்டேன். கேட்டதற்கு, பின்னணியைக் கணினியில் மாற்றியது என்றார். ஓடும் காணொளி கேட்டேன். வந்த காணொளியில் வண்டி ஓடியது, ஆனால் இலக்கம் தெரியும் தூரத்தில் ஓடவில்லை. விலை 28,000 ரூபா, பாதியை முற்பணமாகத் தனியார் ஒருவரின் கணக்கில் போடவேண்டும், மிகுதியைக் கூரியர் தம்பியிடம் கொடுக்கலாம். அத்துடன் ஒரு பழைய பயணச்சீட்டு 3,500, ஆனையிறவுத் தண்டவாளத் துண்டு 6,500. கையால் செய்த மாதிரிக்கு 28,000 மலிவுதான், சந்தேகப்படுமளவுக்கு மலிவு இல்லை. விலையைச் சரியாக வைக்கத் தெரிந்த மோசடிக்காரர்.

பார்சல் வந்தது. காசு கொடுக்காமல் பிரிக்க முடியாது என்பது கூரியர்காரரின் சட்டம். அந்தத் தம்பியில் பிழையில்லை, அவருக்கு அடுத்த வீட்டுக்குப் போகவேண்டும். கையெழுத்து வைத்துக் காசைக் கொடுத்தபின் பிரித்தேன்.

வண்டியைப் புரட்டியவுடன் கண்ணில் பட்டது, பென்சில் பற்றரி போடும் குழியும் அதை மூடும் திருகாணியும். எச்.ஓ. இயந்திரம் தண்டவாளத்திலிருந்து மின்சாரத்தை எடுக்கும். சாதாரண முறையில் 12 வோல்ட் வரை நேர்மின். சக்கரம் உலோகமாக இருக்கவேண்டும், சக்கரத்தைத் தொட்டபடி செப்புத் தகடு ஒன்று உள்ளே போகவேண்டும். இதில் சக்கரம் கறுப்புப் பிளாஸ்டிக். என் தண்டவாளத்தின் உட்பக்க அகலம் 16.5 மில்லிமீற்றர். அதற்குரிய சக்கரச் சோடியின் உள் இடைவெளி ஏறக்குறைய 14.4 இருக்கவேண்டும். இந்த வண்டியின் சக்கரங்கள் தண்டவாளத்துக்கு உள்ளேயே இறங்கி, வயிறு சிலிப்பர் கட்டையில் இருந்தது.

இலக்கமும் பெயரும் சாதாரணக் கடதாசியில் அச்சடித்துப் பசையால் ஒட்டியவை. வெட்டிய ஓரம் நான்கு பக்கமும் வெள்ளையாகத் தெரிந்தது, ஈர விரல் பட்டதும் மை கரைந்தது. அல்பேர்ட்டாவின் ஆங்கில எழுத்துகளில் ஒன்று குறைவு.

இவ்வளவும் தரக்குறைவு என்று விட்டுவிடலாம். ஆளைப் பிடித்துக் கொடுத்தது போகி, அதாவது வண்டியின் அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டம். எம்2 570க்கு ஒரு போகியில் மூன்று சோடிச் சக்கரம். நடுச்சோடிக்கு மோட்டார் இல்லை, பாரத்தைப் பகிர்ந்துகொள்ள மட்டும் அது. எனக்கு வந்த வண்டியில் போகிக்கு இரண்டு சோடிதான். இதைச் சொன்னதும் அவர் சளைக்கவில்லை.

"அண்ணா, இரண்டு சோடிச் சக்கரம் உள்ள எம்2வும் இருக்கிறது. தேடிப் பாருங்கள்."

இருக்கிறதுதான். எம்2சி என்ற உபவகுப்பு, இலக்கம் 626 முதல் 628 வரை. 570 அதில் இல்லை. இந்தப் பதிலிலிருந்து எனக்கு ஒன்று விளங்கியது: இவர் ரயில் தெரியாத ஆள் அல்லர். தெரிந்துகொண்டே, தெரியாதவர்களிடம் விற்கிறார். எனக்கு அதுதான் கூடுதல் எரிச்சல்.

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும். எங்கள் அகலப்பாதை 1676 மில்லிமீற்றர், அதை 87ஆல் வகுத்தால் 19.3 வரும், 16.5 மில்லிமீற்றர் தண்டவாளத்தில் இலங்கை ரயிலை ஓட்டுவதே பிழைதானே என்று. பிழைதான். 16.5 என்பது 1435 மில்லிமீற்றர் பாதைக்குரிய கணக்கு. ஆனால் 19.3க்குத் தண்டவாளமும் சக்கரமும் ஒவ்வொன்றாகக் கையால் செய்ய வாழ்நாள் போதாது என்பதால் பலரும் அந்தக் குறையுடன் சமாதானமாகி விடுகிறோம். அந்தச் சமாதானத்தைச் சாட்டாக வைத்து விளையாட்டுப் பொருளை விற்பது வேறு கதை.

பயணச்சீட்டுக்கு வருகிறேன். யாழ்தேவி முதலில் ஓடியது 1956 ஏப்ரல் 23ஆம் திகதி. அந்த நாளின் சீட்டு என்று அனுப்பியதில் நாட்டின் பெயர் ஸ்ரீலங்கா என்று அச்சாகியிருந்தது. 1972 வரை இந்த நாட்டின் ஆங்கிலப் பெயர் சிலோன். பதினாறு வருடம் முன்கூட்டியே பெயர் மாற்றிய சீட்டு! திகதியும் மற்ற எழுத்துகளோடு சேர்த்து மையில் அச்சாகியிருந்தது. அந்தக் கால அட்டைச் சீட்டில் திகதியை, விற்கும் நேரத்தில் ஓர் இரும்புக் கருவிக்குள் செருகி அழுத்துவார்கள், விரலால் தடவினால் பள்ளம் தெரியும். சீட்டு ஏறக்குறைய 57க்கு 30 மில்லிமீற்றர், ஒரே கனத்த அட்டை. என் சீட்டின் ஓரத்தில் நகத்தை வைத்தேன், இரண்டாகப் பிரிந்தது. இரண்டு மெல்லிய அட்டைகளை ஒட்டித் தேயிலைச் சாயத்தில் தோய்த்திருக்கிறார்கள். மணந்து பார்த்தால் இப்போதும் தேயிலை மணம்.

தண்டவாளத் துண்டைப் பற்றி எழுதும்போது கை கொஞ்சம் கனக்கிறது. ஆனையிறவில் பதுங்குகுழியிலிருந்து எடுத்தது, 1905ஆம் ஆண்டுத் தண்டவாளம் என்று சொல்லி அனுப்பினார். உண்மையான தண்டவாளத்தின் நடுத்தண்டில் உருக்காலையின் பெயர், ஆண்டு, எடை ஆகியவை இருக்கும். உருக்கு சூடாக உருளைகளுக்கு நடுவே போகும்போதே பதிவதால் அந்த எழுத்துகள் மேலெழுந்து நிற்கும். எனக்கு வந்த துண்டில் 1905 என்பது உள்நோக்கி வெட்டப்பட்டிருந்தது. வெட்டிய இடம் பளபளப்பு, சுற்றிலும் துரு.

மாங்குளம் நிலையத்தில் முன்பு வேலை செய்த முதியவர் ஒருவர் எங்கள் ஒழுங்கையில் இருக்கிறார். துண்டைக் கையில் எடுத்தார், எடையைப் பார்த்தார், பக்கவாட்டில் திருப்பினார். "இது ரயில் ஓடிய தண்டவாளமே இல்லை, எங்கேயோ தள்ளுவண்டிக்குப் போட்ட சின்னத் தண்டவாளம்" என்றார். பிறகு அவரே, "உண்மையானதாக இருந்தால் உனக்கு இன்னும் கரைச்சல்" என்றார். புகையிரதத் திணைக்களத்தின் தண்டவாளம் அரச சொத்து. யார் எடுத்தது, எப்படி விற்றது என்று பொலிஸ் கேட்டால் வாங்கியவரும் பதில் சொல்லவேண்டும். இந்தப் பக்கம் தண்டவாளத் துண்டைத் தூணாக நட்ட பழைய கொட்டில்களைக் கண்டிருக்கிறேன். போர்க்காலத்தில் நடந்தது அது. இப்போது விலை போட்டு விற்பது வேறு.

அதே முதியவரை வயிறு குலுங்கச் சிரிக்கவைத்தது, நான் வாங்காமல் விட்ட இன்னொரு பொருளின் படம். "வவுனியா – யாழ்ப்பாணம் டப்லெட்", 15,000 ரூபா. ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரண்டு வண்டிகள் வராமலிருக்க, ஒரு பகுதிக்கு ஒரு டப்லெட் என்று, அந்தத் தகட்டை வளையத்தில் மாட்டிச் சாரதியின் கையில் கொடுப்பார்கள். அதில் அந்தப் பகுதியின் இரண்டு அந்தங்களிலும் உள்ள நிலையங்களின் பெயர்கள் இருக்கும். அடுத்த நிலையத்தில் அதைக் கொடுத்துவிட்டு அடுத்த பகுதிக்குரியதை வாங்கவேண்டும். "வவுனியாவில் வாங்கி யாழ்ப்பாணத்தில் கொடுப்பதென்றால், ஓமந்தையிலும் புளியங்குளத்திலும் மாங்குளத்திலும் நாங்கள் ஏன் வளையத்தோடு மழையில் நின்றோம்?" என்று கேட்டார். பழைய சமிக்ஞைக் கருவிகளையும் ரயில் பொருட்களையும் பார்க்க விரும்புகிறவர்கள் கடுகண்ணாவையில் 2014 டிசெம்பரில் திறக்கப்பட்ட தேசியப் புகையிரத நூதனசாலைக்குப் போகலாம். ஒரு தடவை உண்மையானதைப் பார்த்த கண்ணை ஏமாற்றுவது கடினம்.

காசைத் திருப்பிக் கேட்ட கதை சுருக்கம். முதலில் புதுப் பற்றரி போடச் சொன்னார். அடுத்து, விற்ற பொருளைத் திருப்பி எடுப்பதில்லை என்றார். பிறகு என் இலக்கத்தைத் தடுத்துவிட்டார். வங்கியில், நீங்களே விரும்பி அனுப்பிய பணத்தை நாங்கள் மீட்க முடியாது, பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியைக் கொண்டு வாருங்கள் என்றார்கள். முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் இலக்கம் 1977, அங்கும் சொல்லலாம், ஆனால் கையில் பற்றுச்சீட்டு இருந்தால் பேச்சு இலகு. முற்பணம் போடுமுன் பற்றுச்சீட்டுக் கேளுங்கள். அந்த ஒரு கேள்வியிலேயே பாதி வியாபாரிகள் காணாமல் போவார்கள்.

மாதிரி வாங்குகிறவர்கள், உங்கள் பெயரையும் அன்றைய திகதியையும் கடதாசியில் எழுதி வண்டியின் அடிப்பக்கத்துக்குப் பக்கத்தில் வைத்து எடுத்த படத்தைக் கேளுங்கள். வண்டியைக் கையில் வைத்திருக்கிறவருக்கு அது இரண்டு நிமிட வேலை. நல்ல கைவினைஞர் இதற்குக் கோபிக்கமாட்டார். கண்டியில் ஒருவரிடம் ரயில் பெட்டிகள் செய்வித்திருக்கிறேன், அவர் நான் கேட்காமலே சக்கரத்தை அளவுகோலுடன் படம் எடுத்து அனுப்பினார், முற்பணமும் கேட்கவில்லை.

அந்த மோசடிக்காரர் இப்போது வேறு பெயரில், தலைமன்னார்ப் பாதையின் நீராவி இயந்திரம் என்று புது விளம்பரம் போட்டிருக்கிறார், கேட்பது 45,000. ஏற்கெனவே முற்பணம் போட்டவர்கள் இருந்தால், பார்சல் வந்தாலும் காசு கொடுத்து எடுக்காமல் திருப்பி அனுப்புங்கள். ஏமாந்தவர்கள் கூரியர் துண்டை எறியவேண்டாம். அனுப்பியவரின் இலக்கம் இருப்பது அதில் மட்டும்தான், முகநூலில் உள்ள இலக்கம் வேறு. அந்தத் துண்டின் படத்தை எனக்கு உட்பெட்டியில் அனுப்பினால், என் முறைப்பாட்டோடு சேர்த்துக் கொடுக்கிறேன். முல்லைத்தீவிலிருந்து ஒருவர் ஏற்கெனவே அனுப்பியிருக்கிறார், இலக்கம் ஒன்றுதான்.