பனாமா கால்வாய் கப்பல் பயணம் என்று சொல்லிப் பாதிக் கால்வாயை விற்கிறார்கள், ஏமாறாதீர்கள்

பனாமா கால்வாயைக் கப்பலில் கடந்து பார்க்க வேண்டும் என்று யாராவது நினைத்துக்கொண்டிருந்தால், அதுவும் முதல் தடவை என்றால், பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். நான் இரண்டு பேருக்கு 5,200 டாலர் கட்டி, கால்வாய்க்குள் நுழைந்து, நடுவில் இருக்கிற ஏரியில் ஒரு வட்டம் அடித்து, போன வழியாகவே திரும்பி வந்தவன். பசிபிக் கடலைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

என் மனைவி சிவில் எஞ்சினியர், பாலங்களுக்கு டிசைன் போடுகிற வேலை. அவளுக்குப் பனாமா கால்வாய் மேல் ஒரு பைத்தியம். கால்வாய் ஆணையம் மிராஃப்ளோரஸ் லாக்கில் (லாக் என்றால், தண்ணீரை நிரப்பியும் வடித்தும் கப்பலை ஏற்றி இறக்குகிற, கதவு போட்ட பெரிய தொட்டி) வைத்திருக்கிற நேரலைக் கேமராவை ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் டிவியில் போட்டுவிடுவாள். மற்ற வீடுகளில் சீரியல் ஓடும், எங்கள் வீட்டில் சரக்குக் கப்பல் ஓடும். கல்யாணமாகி 25 வருடம் முடிகிறதே, அவளுக்குத் தெரியாமல் ஏற்பாடு செய்து அசத்திவிடலாம் என்று நினைத்தேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்தப் பதிவுக்கே வேலை இருந்திருக்காது. அந்தப் பங்கு என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன்.

நாங்கள் இருப்பது நியூ ஜெர்சி. இங்கே நம் ஆட்களுக்கு மட்டுமே டிக்கெட் போட்டுத் தருகிற ஒரு டிராவல் ஏஜென்ட் இருக்கிறார், பெயர் வேண்டாம். வாட்ஸ்அப் குழுவில் ஒரு போஸ்டர் அனுப்பியிருந்தார். "பனாமா கால்வாய், 11 நாள், ஃப்ளோரிடாவிலிருந்து ஃப்ளோரிடாவுக்கே." போஸ்டரில் பெரிய படம்: குறுகலான லாக்குக்குள் வெள்ளைக் கப்பல், இரண்டு பக்கமும் தண்டவாளத்தில் 'மியூல்' என்று சொல்கிற அந்த வெள்ளி நிற எஞ்சின்கள் இரும்புக் கயிற்றால் கப்பலைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. எங்கள் வீட்டு டிவியில் தினமும் ஓடுகிற அதே காட்சி. நான் வேறு எதையும் பார்க்கவில்லை. போன் போட்டேன்.

"அண்ணே, கவலையே படாதீங்க, இதுதான் டாப் கப்பல், புதுசு, பெருசு. கால்வாய் பக்கம் பார்த்த மாதிரி பால்கனி ரூம் போட்டுத் தர்றேன், கொஞ்சம் கூட ஆகும்" என்றார். கால்வாய்க்கு இரண்டு பக்கமும் கரைதானே இருக்கும், அதில் 'கால்வாய் பார்த்த பக்கம்' எது என்று கேட்கிற புத்தி அன்றைக்கு எனக்கு வரவில்லை. அப்புறம் இன்வாய்ஸில் 'கால்வாய் கடப்புக் கட்டணம்' என்று ஆளுக்கு 180 டாலர் தனியாகச் சேர்த்திருந்தார். பெரிய கால்வாய், சுங்கம் இருக்கத்தானே செய்யும் என்று அதையும் கட்டினேன்.

கப்பல் ஏறி இரண்டாம் நாள். கரீபியன் தீவான அரூபாவுக்குப் போய்க்கொண்டிருக்கிறோம். மனைவி கப்பலின் விவரத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு கேட்டாள், "ஏங்க, இந்தக் கப்பல் அகலம் 36 மீட்டர்னு போட்டிருக்கு. மிராஃப்ளோரஸ் லாக்கோட அகலமே 33.5 மீட்டர்தான். எப்படி உள்ள போகும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஒரு கேள்வி, ஒரு கழித்தல் கணக்கு, போஸ்டரில் இருந்த படம் பொய் என்று ஆகிவிட்டது. அந்தப் படத்தில் இருக்கிற லாக்குக்குள் நாங்கள் ஏறியிருந்த கப்பல் நுழையவே முடியாது. கதவைத் திறந்துவைத்துக் கும்பிட்டுக் கூப்பிட்டாலும் முடியாது.

அவள் விளக்கிய பிறகுதான் எனக்கே விஷயம் புரிந்தது, உங்களுக்கும் உதவும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பனாமாவில் இப்போது இரண்டு விதமான லாக்குகள் இருக்கின்றன. 1914 ஆகஸ்ட் 15-ல் கால்வாய் திறந்ததிலிருந்து இருப்பவை பழையவை: அட்லாண்டிக் பக்கம் காத்தூன், அதில் மூன்று படி. பசிபிக் பக்கம் பெத்ரோ மிகெல் ஒரு படி, மிராஃப்ளோரஸ் இரண்டு படி. கடல் மட்டத்திலிருந்து 26 மீட்டர் உயரத்தில் இருக்கிற காத்தூன் ஏரிக்குக் கப்பலைப் படிப்படியாக ஏற்றி, அந்தப் பக்கம் இறக்குகிறார்கள். மோட்டாரும் பம்பும் வைத்துத் தண்ணீரை ஏற்றுவதில்லை, மேலே இருக்கிற ஏரித் தண்ணீர் தானாக இறங்கித் தொட்டியை நிரப்புகிறது, அவ்வளவுதான். இந்தப் பழைய லாக்குகளில்தான் மியூல்கள் ஓடுகின்றன. அவை கப்பலை இழுத்துக்கொண்டு போவதாக நான் நினைத்திருந்தேன். இல்லையாம். கப்பல் தன் எஞ்சினிலேயே நகரும், சுவரில் உரசாமல் நடுவில் பிடித்துவைப்பதும் நிறுத்துவதும்தான் மியூலின் வேலை. பழைய லாக்குக்கென்றே அளவெடுத்துக் கட்டிய கப்பல்கள் 32.3 மீட்டர் அகலம். பக்கத்துக்கு வெறும் 60 சென்டிமீட்டர் இடைவெளி. நம் ஊர்ச் சந்துக்குள் லாரி விடுகிற மாதிரி.

2016 ஜூனில் திறந்தவை புது லாக்குகள். அட்லாண்டிக் பக்கம் அகுவா கிளாரா, பசிபிக் பக்கம் கோகோலி. அகலம் 55 மீட்டர், நீளம் 427 மீட்டர். இங்கே மியூல் கிடையாது, முன்னும் பின்னும் இழுவைப் படகுகள் கட்டிக் கொண்டுபோகிறார்கள். கதவுகளும் பழையதைப் போல இரட்டைக் கதவாகத் திறக்காது, பக்கவாட்டில் நகர்ந்து சுவருக்குள் போய்விடும். ஒவ்வொரு தொட்டிக்கும் பக்கத்தில் மூன்று சேமிப்புக் குளங்கள், அதில் தண்ணீரை ஒதுக்கி 60 சதவீதம் வரை திரும்பப் பயன்படுத்துகிறார்கள். எஞ்சினியர்களுக்கு அதுவும் அழகுதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் 25 வருடமாக மியூலைப் பார்க்கக் காத்திருந்தவளிடம் இழுவைப் படகைக் காட்டினால்?

இது முதல் அடி. இரண்டாவது அடி இன்னும் பெரிது. "சரி, புது லாக்காவே இருக்கட்டும், குலேப்ரா வெட்டு வழியா போவோம்ல?" என்று கேட்டுக்கொண்டே பயணத் திட்டத்தைப் புரட்டினாள். மலையை வெட்டிய அந்த 13 கிலோமீட்டர் சொச்சம்தான் கால்வாயின் உயிர். 1881-ல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கித் தோற்றது, 1904-ல் அமெரிக்கர்கள் எடுத்து முடித்தது, மஞ்சள் காய்ச்சலிலும் மண்சரிவிலும் ஆயிரக்கணக்கில் தொழிலாளிகள் செத்தது எல்லாம் இவளுக்கு மனப்பாடம். திட்டத்தில் ஏழாம் நாளுக்கு நேராக "பனாமா கால்வாய், பகுதிக் கடப்பு" என்று சின்ன எழுத்தில் இருந்தது. அதாவது பார்ஷியல் டிரான்சிட். காத்தூன் ஏரிக்குள் ஏறி, திரும்பி, அதே லாக் வழியாக இறங்கி, சாயங்காலம் அட்லாண்டிக் பக்கமே இருக்கிற கொலோன் துறைமுகம். குலேப்ரா வெட்டு இருப்பது ஏரியின் அந்தக் கோடியில், கம்போவா என்ற ஊரைத் தாண்டி. எங்கள் கப்பல் அந்தப் பக்கம் போகவே போகாது.

இந்தத் தாள் புக்கிங் செய்த அன்றைக்கே என் மெயிலுக்கு வந்திருந்தது. நான் திறக்கவில்லை. ஏஜென்ட்டும் அந்த வார்த்தையை வாயில் எடுக்கவில்லை, போஸ்டரிலும் போடவில்லை.

ஏழாம் நாள் காலை ஐந்தரைக்கே முன் டெக்கில் கூட்டம். எங்கள் பால்கனிக்கு நேர் கீழே உயிர்காப்புப் படகின் ஆரஞ்சுக் கூரை, அதற்கு அப்பால் தூரத்தில் கான்கிரீட். 'கால்வாய் பார்த்த பக்கம்' என்று கூடுதலாக வாங்கிய பணத்துக்குக் கிடைத்த காட்சி அதுதான். லாக் ஏறும்போது பார்க்க வேண்டிய இடம் கப்பலின் மூக்கு, இல்லாவிட்டால் வால். பால்கனியில் உட்கார்ந்தால் ஒரு பக்கச் சுவர்தான் தெரியும், பழைய லாக்காக இருந்தால் அந்தச் சுவரைத் தொட்டுவிடலாம் போல இருக்கும் என்பது வேறு விஷயம். மூன்று படி ஏறியதும் ஏரி. மரங்களுக்கு மேலே தூரத்தில், பழைய காத்தூன் பக்கம், ஒரு சரக்குக் கப்பலின் கன்டெய்னர்கள் மட்டும் மெல்ல மேலே எழும்பின. மனைவி அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், நாங்கள் இருந்த லாக்கை இல்லை.

இன்னொரு விஷயம் அங்கே தெரிந்தது, எனக்கு அதுதான் அதிகம் எரிந்தது. பாதிக் கடப்புக் கப்பலில் வருகிறவர்களுக்கு ஏரியில் இறங்கி, பஸ்ஸில் கம்போவா போய், அங்கிருந்து சின்னப் படகில் குலேப்ரா, பெத்ரோ மிகெல், மிராஃப்ளோரஸ் எல்லாவற்றையும் கடக்கிற ஒரு சுற்றுலா இருக்கிறது. மியூலைத் தவிர மற்றதெல்லாம் கிடைத்திருக்கும். சின்னப் படகுக்கு மியூல் தேவைப்படாது, பக்கத்துப் பாதையில் பெரிய கப்பல் போனால் அதன் மியூலைப் பார்த்திருக்கலாம். கப்பல் மேசையில் கேட்டால், பல மாதங்களுக்கு முன்பே ஆன்லைனில் விற்றுத் தீர்ந்துவிட்டதாம். ஏஜென்ட்டுக்கு இது தெரியாதா? கப்பலிலிருந்தே வாட்ஸ்அப்பில் கேட்டேன். "அதெல்லாம் ஆப்ஷனல் அண்ணே, நீங்க கேக்கலையே" என்று பதில். இருக்கிறது என்றே தெரியாததை எப்படிக் கேட்பது?

சாயங்காலம் கொலோனில் மூன்று மணி நேரம் நிறுத்தம். டாக்சி பிடித்து மிராஃப்ளோரஸுக்கு ஓடிப் பார்த்துவிட்டு வரலாமா என்று கணக்குப் போட்டோம், ஒரு கரையிலிருந்து இன்னொரு கரை, போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி, கப்பலை விட்டுவிடுவோம். துறைமுகக் கடையில் மியூல் படம் போட்ட ஒரு காந்த வில்லை வாங்கினாள். அது இப்போது எங்கள் ஃப்ரிட்ஜில் இருக்கிறது, தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் என்னைப் பார்க்கிறது.

திரும்பி வந்து சண்டை போட்டேன். ஏஜென்ட் சொன்ன பதில், "கால்வாய்க்குள்ள போனீங்களா இல்லையா?" சட்டப்படி அதற்கு மேல் பேச இடமில்லை. கிரெடிட் கார்டில் முழுத் தொகைக்கும் புகார் கொடுத்தேன், தாளில் எழுதியிருந்த பயணம் நடந்திருக்கிறது என்று தள்ளிவிட்டார்கள். ஆனால் அந்த 180 டாலரில் ஆள் மாட்டிக்கொண்டார். கப்பல் நிறுவனத்துக்கு நேரடியாக எழுதி என் பெயரில் உள்ள பில்லைக் கேட்டேன். கடப்புக் கட்டணம் என்று ஒரு வரியே அதில் இல்லை. சுங்கத்தைக் கப்பல் நிறுவனம் ஆணையத்துக்குக் கட்டுகிறது, நம் டிக்கெட்டிலும் துறைமுக வரியிலும் அது அடங்கிவிடுகிறது. 1928-ல் ரிச்சர்ட் ஹாலிபர்ட்டன் என்ற அமெரிக்கர் இந்தக் கால்வாயை நீந்திக் கடந்தபோது, ஆளையே ஒரு கப்பலாகக் கணக்குப் போட்டு 36 சென்ட் சுங்கம் வாங்கினார்கள். அவர் முழுசாகக் கடந்தார். நான் பாதிக்கு 180 டாலர் கொடுத்தேன். இரண்டு பேருக்குமான 360 டாலர் மட்டும் ஆறு வாரம் கழித்துத் திரும்ப வந்தது.

சரி, நீங்கள் போவதாக இருந்தால் என்ன பார்க்க வேண்டும்? ஏறும் துறைமுகமும் இறங்கும் துறைமுகமும் முதலில். ஃப்ளோரிடாவில் ஏறி ஃப்ளோரிடாவிலேயே 10, 11 நாளில் இறங்கினால் அது பாதிக் கடப்புதான், போஸ்டர் என்ன சொன்னாலும் சரி. ஃப்ளோரிடாவில் ஏறி கலிபோர்னியாவில் இறங்குவதோ, அதற்கு எதிர்த்திசையோ என்றால் கப்பல் அந்தப் பக்கம் போயே ஆக வேண்டும். அதற்கு இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும், ஒருவழி விமான டிக்கெட் இரண்டு வாங்க வேண்டும், அதனால்தான் ஏஜென்ட்டுகள் அதைக் காட்டாமல் சின்னதை விற்கிறார்கள். அலாஸ்காவில் கோடை முடிந்து கரீபியனுக்கு வருகிற கப்பல்களும், வசந்தத்தில் திரும்பிப் போகிற கப்பல்களும் இந்த வழியாக வரும், அந்த மாதங்களில் தேடினால் கிடைக்கும்.

அப்புறம் அகலம். கப்பலின் பெயரையும் அகலத்தையும் எழுத்தில் கேளுங்கள். 32 மீட்டர் சொச்சம் என்றால் பழைய லாக், அதற்கு மேல் என்றால் சந்தேகமே இல்லாமல் புது லாக். கப்பல் புதிது, பெரியது என்று பெருமையடித்தால் இந்தப் பயணத்துக்கு அது குறை, நிறை இல்லை. சுற்றி நடக்கிற மாதிரி கீழ் டெக் உண்டா, அன்றைக்கு மட்டும் முன் மூக்கைத் திறந்துவிடுவார்களா என்றும் கேளுங்கள். அது இருந்தால் ஜன்னல் இல்லாத உள் அறையே போதும், பால்கனிக்குக் கொடுக்கிற காசு மிச்சம். கடப்பு முழுக்கப் பகலில்தானா என்பதும் முக்கியம், முழுதாகக் கடக்க எட்டிலிருந்து பத்து மணி நேரம் ஆகும்.

பாதிக் கடப்பு மோசமான பயணம் என்று நான் சொல்லவில்லை. வழியில் வருகிற கொலம்பியாவின் கார்த்தஹேனா அருமையான ஊர், ஏரி அழகு, லீவு கம்மியாக உள்ளவர்களுக்கு அது சரியாகக்கூட இருக்கலாம். பாதி என்று சொல்லி விற்கட்டும்.

போன வாரம் அதே குழுவில் அதே போஸ்டர் மறுபடி வந்தது. அதே மியூல் படம், அதே 11 நாள். விலை மட்டும் 200 டாலர் கூடியிருக்கிறது. கப்பல் அகலம் என்ன என்று கீழே கேட்டிருந்தேன், என்னைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள்.