பள்ளிச் சுவரில் பேராமையா, ஆவுளியாவா?

தொண்டிப் பக்கம் எங்கள் பள்ளியில் படம் வரையக் கிடைத்தது ஒரே ஒரு சுவர். பேராமை என்கிற கடலாமையா, கடல் பசு என்கிற ஆவுளியாவா என்று பிள்ளைகளோடு ஒரு வாரம் பேசி, ஆவுளியாவை முடிவு செய்தோம்.

இரண்டும் மேய்வது கடற்புல். இரண்டும் மூச்செடுக்க மேலே வரவேண்டும். வனவிலங்குச் சட்டத்தில் இரண்டுமே அதிகப் பாதுகாப்புள்ள முதல் அட்டவணை. அதில் பேச ஒன்றுமில்லை.

ஆமை ஊர்வன இனம். ஆவுளியா பாலூட்டி. கடல் பசு என்கிறோமே தவிர, தரை விலங்குகளில் அதற்கு நெருங்கிய உறவு யானைதான். செத்துக் கரை ஒதுங்கிய ஒரு தாயை ஒருமுறை பார்த்தேன்: மேலுதட்டில் துடைப்பக்குச்சி மாதிரி முடி, துடுப்பைத் தூக்கினால் அக்குளில் காம்பு. ஆவுளியாவின் விலங்குக் குடும்பத்தில் இன்று மிஞ்சிய இனம் அது ஒன்றுதான். வடக்கே பெரிங் கடலில் வாழ்ந்த இன்னோர் இனத்தை 1741இல் கண்டார்கள்; 1768க்குள் வேட்டையாடியே தீர்த்துவிட்டார்கள்.

என்னை முடிவெடுக்க வைத்தது குட்டிக் கணக்கு. பேராமை ஒரு தடவைக்கு நூறு முட்டை போல இடும், ஒரே பருவத்தில் பல தடவை இடும். முட்டையை நாய், நரி தின்னாமல் எடுத்து வேலிக்குள் புதைத்துக் காக்கலாம். தனுஷ்கோடியில் பங்குனி ஆமை என்கிற இன்னொரு கடலாமையின் முட்டைகளை வனத்துறை அப்படித்தான் பொரிக்கவைத்துக் கடலில் விடுகிறது. உலக அளவில் அழியும் நிலையில் இருந்த பேராமை 2025இல் அந்தப் பட்டியலை விட்டு மீண்டதற்கு, பல நாட்டுக் கரைகளில் முட்டையைக் காத்ததும் ஒரு காரணம்.

ஆவுளியாவுக்கு இந்த வழியே கிடையாது. பருவத்துக்கு வரவே பத்து வருஷம் போல ஆகும். ஓராண்டுக்கு மேல் சுமந்து ஒரே ஒரு குட்டி. அடுத்ததற்கு 3 முதல் 7 வருஷம். ஒரு தாய் வலையில் செத்தால், அந்த இடத்தை நிரப்ப இன்னொன்று வளர்ந்து வர அத்தனை காலம் வேண்டும். மாணவி ஒருத்தியின் அப்பா சொன்னார்: "ஆமை மாட்டுனா கொஞ்ச நேரம் தாங்கும் டீச்சர். ஆவுளியா மாட்டுனா நாம வலைகிட்ட போறதுக்குள்ள முடிஞ்சிரும்." கண்டவுடன் வலையை அறுத்துவிடுவதுதான் ஒரே வழி. அப்படி விட்ட மீனவர்களுக்கு வனத்துறை ஊக்கத்தொகை கொடுத்திருக்கிறது. 2022இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல் பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். அது தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம். எங்கள் ஊர் அதற்குத் தெற்கே. இங்கே வலை போடுகிறவர் மனசுதான் காவல்.

ஆமையைப் படகிலிருந்து பலமுறை பார்த்திருக்கிறேன். ஆவுளியாவை உயிரோடு பார்த்ததில்லை. மேய்ந்த தடம் புல்லுக்குள் வாய்க்கால் மாதிரிக் கிடக்கும் என்பதெல்லாம் மீனவர்கள் சொல்லித் தெரிந்ததுதான்.

சுவரில் தாயும் குட்டியும் வந்தாச்சு. மூலையில் பேராமைக்கும் இடம் வேண்டுமென்று ஆறாம் வகுப்பு அடம்பிடித்தது. ஒரு சாண் விட்டிருக்கிறோம்.