மன அமைதிக்கு என்று படித்த புத்தகங்கள்: எதை எடுக்கலாம், எதைத் தள்ளிவைக்கலாம்

அப்பா போன பிறகு ஒன்றரை வருடம் எனக்குச் சரியான தூக்கம் இல்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களில் நான்கைந்து பேர் ஆளுக்கொரு புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள், நல்ல மனசோடு கொடுத்தவைதான். ஆனால் பாதிக்கு மேல் ஒரே மாதிரி இருந்தன. பக்கத்துக்கு ஓர் அழகான வாக்கியம்: இந்தக் கணத்தில் இரு, எல்லாவற்றையும் விட்டுவிடு, அமைதி உனக்குள்ளேயே இருக்கிறது. சரி, உள்ளே இருக்கிறது, அங்கே எப்படிப் போவது என்று தேடினால் அடுத்த பக்கத்திலும் அதுவே வேறு சொற்களில். படிக்கும்போது இதமாக இருந்தது. விளக்கை அணைத்துப் படுத்த அடுத்த நிமிடம் மருத்துவமனையின் அந்தக் கடைசி இரவு முதலிலிருந்து ஓட ஆரம்பித்துவிடும்.

அப்புறம்தான் மூலநூல்கள் பக்கமும், அந்த வழியில் தாங்களே நடந்து அடிபட்டவர்கள் எழுதியவை பக்கமும் போனேன். எந்த மதம் என்று பார்க்கவில்லை. நான் பார்த்தது ஒன்றுதான்: இந்த மனிதருக்கு அமைதி கிடைக்க எவ்வளவு காலம் ஆனது, அதற்கு என்ன விலை கொடுத்தார் என்பதை மறைக்காமல் சொல்கிறாரா? அப்படிச் சொன்ன புத்தகங்கள்தான் எனக்கு உதவின. கீழே உள்ளவை அவைதான், கூடவே உதவாமல் போன சிலவும்.

யாராவது ஒரே ஒரு புத்தகம் சொல் என்றால் நான் சொல்வது சகோதரர் லாரன்ஸ். 'தி பிராக்டிஸ் ஆஃப் தி பிரசென்ஸ் ஆஃப் காட்' என்று ஆங்கிலத்தில் கிடைக்கும், ஒரே மாலையில் படித்து முடித்துவிடலாம். 17ஆம் நூற்றாண்டில் பாரிஸில் கார்மேல் சபை என்ற கத்தோலிக்கத் துறவியரின் மடம் ஒன்றில் இருந்தவர். குருவானவர் அல்ல, சமையலறை வேலைக்கு விடப்பட்ட சகோதரர். அதற்கு முன் படைவீரராக இருந்து போரில் காயம்பட்டவர். உட்கார்ந்து புத்தகம் எழுதிய ஆளும் அல்ல. அவரோடு பேசியவர் குறித்து வைத்த உரையாடல்களையும் அவருடைய சில கடிதங்களையும் 1691இல் அவர் இறந்த பிறகு தொகுத்தார்கள். அவர் சொல்வது ஒரே விஷயம்தான்: கடவுளோடு பேசத் தனியாக ஓர் இடமும் நேரமும் வேண்டாம், பாத்திரம் உருட்டுகிற சத்தத்துக்கு நடுவில், நான்கு பேர் நான்கு பக்கம் இருந்து கூப்பிடும்போதே பேசலாம். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் அந்தச் சமையல் வேலை அவருக்கு இயல்பிலேயே பிடிக்காத வேலை என்று புத்தகமே சொல்கிறது. அதைவிட முக்கியம், ஒரு கடிதத்தில் முதல் பத்து வருடம் தான் மிகவும் கஷ்டப்பட்டதாக அவரே எழுதுகிறார். பத்து வருடம்! அந்த வரியைப் படித்தபோது எனக்கு உடம்பெல்லாம் லேசானது போல இருந்தது. மூன்று மாதம் தியானம் செய்தும் மனசு அடங்கவில்லையே, என்னிடம்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வேறு யாரும் எனக்கு அந்தக் கணக்கைச் சொன்னதில்லை.

இஸ்லாமிய அறிஞர் இமாம் கஸ்ஸாலியின் தன்வரலாறு அடுத்தது. 'அல்-முன்கித் மினல் ளலால்', வழிகேட்டிலிருந்து மீட்சி என்று பொருள் சொல்லலாம். இதுவும் சின்னப் புத்தகம்தான், ஆனால் ஒரே மூச்சில் போகாது. பாக்தாதின் நிஜாமிய்யா கல்விக்கூடத்தில் உச்சியில் இருந்த பேராசிரியர், புகழுக்குக் குறைவில்லை. 1095இல் ஒருநாள் பாடம் சொல்ல வாயைத் திறந்தால் நாக்கு எழவில்லை. சாப்பாடும் இறங்கவில்லை. மருத்துவர்கள் பார்த்துவிட்டு, இது மனதில் தொடங்கி உடம்புக்கு வந்த நோய், எங்கள் கையில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். போகலாமா இருக்கலாமா என்று ஏறக்குறைய ஆறு மாதம் ஊசலாடிவிட்டு, கடைசியில் மக்காவுக்குப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு எல்லாவற்றையும் விட்டுவிட்டு சிரியாவுக்குக் கிளம்பிவிட்டார். திரும்பப் பாடம் சொல்ல உட்காரப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது. இங்கேயும் அதே பத்து வருடம்தான், பாருங்கள்.

இந்த நூலில் ஓர் இடம் என்னைப் பிடித்து நிறுத்தியது. சூஃபிகளின், அதாவது இஸ்லாமிய ஞானவழியில் நடந்தவர்களின், புத்தகங்களை எல்லாம் படித்து முடித்த பிறகு அவர் சொல்கிறார்: ஆரோக்கியம் என்றால் என்ன, அதற்குக் காரணங்கள் என்ன என்று தெரிந்துகொள்வது வேறு, ஆரோக்கியமாக இருப்பது வேறு. நோய்வாய்ப்பட்ட மருத்துவருக்கு ஆரோக்கியத்தின் இலக்கணம் முழுதும் தெரியும், உடம்பில்தான் அது இல்லை. மேசைமேல் பதினேழு புத்தகங்களை அடுக்கி வைத்துக்கொண்டு இதைப் படித்தேன். அன்றைக்கே பன்னிரண்டைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டேன்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். நடுப்பகுதியில் தத்துவவாதிகளோடும், வேதத்துக்கு மறைபொருள் உண்டு என்ற பாத்தினிய்யா பிரிவினரோடும் அவர் நடத்தும் வாதம், அந்தக் காலத்துச் சண்டைகள் தெரியாதவர்களுக்கு வறட்சியாக இருக்கும். முதல் வாசிப்பில் தாண்டிப் போனால் தப்பில்லை. சூஃபிகளைப் பற்றிய பகுதிக்கு வந்துவிட்டு, பிறகு ஆற அமரத் திரும்பிப் போகலாம்.

புத்தரின் போதனைப் பாடல்களான தம்மபதத்தைப் பற்றி எனக்கு இரண்டு மனம். 26 வர்க்கம் (அத்தியாயம்), 423 பாடல், தமிழிலேயே பல மொழிபெயர்ப்புகள் உண்டு. மூன்றாவது வர்க்கம் சித்தத்தைப் பற்றியது. அதில் மனதுக்குச் சொல்லப்படும் உவமை, தண்ணீரிலிருந்து எடுத்துத் தரையில் போட்ட மீன். விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துப் படுத்திருப்பவர்களுக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை. அந்த வர்க்கத்தில் பதினோரு பாடல்தான், அதை மட்டும் ஒரு மாதம் வைத்துக்கொண்டிருந்தேன், நாளுக்கு ஒன்று, முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. ஆனால் பதினாறாவது வர்க்கம் வரும்போது, அன்புக்குரியதிலிருந்து துக்கம் பிறக்கிறது, அன்புக்குரியது என்று ஒன்று இல்லாதவனுக்குத் துக்கம் இல்லை என்ற பொருளில் பாடல்கள் வருகின்றன. யோசித்துப் பார்த்தால் சத்தியமான வார்த்தை. அப்பாவின் சட்டைகளை இன்னும் பீரோவிலிருந்து எடுக்காத ஒருவரிடம் சொல்லக்கூடிய வார்த்தை அல்ல. நான் புத்தகத்தை மூடிவிட்டேன், திரும்பத் திறக்க ஏழெட்டு மாதம் ஆனது. அதனால் புதிதாக இழப்பைச் சந்தித்தவருக்கு இதை நான் கொடுப்பதில்லை. மனம் அலைகிறது, கோபம் அடங்கவில்லை என்பவர்களுக்கு யோசிக்காமல் கொடுப்பேன்.

துக்கத்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது பைபிளில் உள்ள சங்கீதங்கள். அதிலும் எல்லோருக்கும் தெரிந்த 23ஆம் சங்கீதத்தோடு நிறுத்தாமல் 88ஐப் படியுங்கள். 150 சங்கீதங்களில் புலம்பலாகத் தொடங்குபவை நிறைய இருக்கின்றன, ஆனால் பெரும்பாலும் முடிவதற்குள் எங்கேயாவது ஒரு வெளிச்சம், ஒரு நம்பிக்கை, ஒரு நன்றி வந்துவிடும். 88இல் அது வரவே வராது. கூப்பிட்டேன், நீர் ஏன் முகத்தை மறைத்துக்கொண்டீர், என் நண்பர்களையும் என்னிடமிருந்து தூரமாக்கிவிட்டீர் என்று சொல்லி இருட்டிலேயே முடிந்துவிடுகிறது. ஒரு வேதத்தில் இப்படி ஒரு பாட்டை வெட்டாமல், ஆறுதல் வரி ஒன்றை ஒட்டாமல், அப்படியே விட்டு வைத்திருக்கிறார்களே என்பதுதான் எனக்கு ஆறுதலாக இருந்தது. பிரார்த்தனை என்றால் நன்றி சொல்வது மட்டும் இல்லை, இதுவும் பிரார்த்தனைதான்.

ஃபரீதுத்தீன் அத்தாரின் 'பறவைகளின் மாநாடு' 12ஆம் நூற்றாண்டுப் பாரசீகக் கதைப்பாடல். பறவைகள் எல்லாம் கூடித் தங்களுக்கு ஓர் அரசன் வேண்டும் என்று சீமுர்க் என்ற பறவையைத் தேடிக் கிளம்புகின்றன, வழிகாட்டி கொண்டலாத்தி. தேடலில் தொடங்கி ஏழு பள்ளத்தாக்குகளைத் தாண்ட வேண்டும். பலரும் அந்தப் பள்ளத்தாக்குகளைப் பற்றியே பேசுவார்கள், எனக்கு அதற்கு முன்னால் வரும் சாக்குப்போக்குகள்தான் பிடித்தவை. குயிலுக்கும் புல்புலுக்கும் நடுவில் ஏதோ ஒரு குரலோடு அந்த நைட்டிங்கேல், ரோஜாவை விட்டு வரமாட்டேன் என்கிறது. வாத்து, தண்ணீர் இல்லாத இடத்துக்கு என்னால் வர முடியாது என்கிறது. ஆந்தைக்குப் பாழடைந்த வீட்டில் புதைந்திருக்கும் புதையல். பருந்துக்கு ஏற்கெனவே ஒரு ராஜாவின் கை இருக்கிறது, உட்கார. ஒவ்வொன்றும் நியாயமாகவே பேசுகிறது, ஒவ்வொன்றுக்கும் கொண்டலாத்தி பொறுமையாக ஒரு பதில், ஒரு குட்டிக்கதை. என்னுடைய சாக்கு எது என்று கண்டுபிடிக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை, வாத்துதான். முடிவை நான் சொல்லப்போவதில்லை. அது பாரசீகத்தில் ஒரு சொல் விளையாட்டின்மேல் நிற்கிறது, அதனால் அடிக்குறிப்பு உள்ள பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள், முன்னுரையைக் கடைசியில் படியுங்கள்.

பயிற்சி என்று வந்தால் வியட்நாமியப் பௌத்தத் துறவி திக் நாட் ஹானின் 'தி மிரக்கிள் ஆஃப் மைண்ட்ஃபுல்னெஸ்'. இது புத்தகமாக எழுதப்பட்டதே அல்ல. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்தபோது, அங்கே சமூகசேவை செய்துகொண்டிருந்த தன் சகோதரத் துறவி ஒருவருக்குப் பிரான்சிலிருந்து 1974இல் அவர் எழுதிய நீண்ட கடிதம். இது தெரியாமல் படித்தால் ஏதோ வசதியான மனிதர்களுக்கு எழுதிய அறிவுரை போலத் தோன்றும், தெரிந்து படித்தால் ஒவ்வொரு வரியும் கனக்கும். பாத்திரம் கழுவும்போது, அதை முடித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகவேண்டும் என்று கழுவாமல், பாத்திரம் கழுவுவதற்காகவே கழுவு என்கிறார். செய்து பார்த்தேன். முதல் நாள் ஒரு டம்ளர் வரைக்கும் மனசு கூட இருந்தது. வெதுவெதுப்பான தண்ணீர், விளிம்பில் விரல், நுரை வழிந்து போனதும் கண்ணாடியில் வருகிற கீச்சென்ற சத்தம். இரண்டாவது டம்ளரில் ஓடிவிட்டது. இப்போது ஆறு ஏழு பாத்திரம் வரை தங்குகிறது. சகோதரர் லாரன்ஸும் இவரும் ஒரே அறையில் நிற்பது போல அடிக்கடி தோன்றும், ஒருவர் கடவுளோடு பேசுகிறார், ஒருவர் மூச்சைக் கவனிக்கிறார், கைகள் செய்கிற வேலை ஒன்றுதான்.

ஆனால் அதற்காக இருவரும் ஒன்றையே சொல்கிறார்கள் என்று நான் சொல்லமாட்டேன். இங்கேதான் பல மதங்களையும் சேர்த்து எழுதிய புத்தகங்களோடு எனக்குக் கொஞ்சம் தகராறு. ஆல்டஸ் ஹக்ஸ்லியின் 'தி பெரென்னியல் ஃபிலாசஃபி', 1945இல் வந்தது, எல்லா மரபுகளிலிருந்தும் பொறுக்கியெடுத்த மேற்கோள்களால் நிறைந்தது, அழகான தொகுப்பு. ஆனால் எல்லாரும் ஹக்ஸ்லிக்கு வேண்டியதையே சொல்வது போல அடுக்கப்பட்டிருக்கிறது. ஸ்டீஃபன் புரோதெரோ 2010இல் எழுதிய 'காட் இஸ் நாட் ஒன்' நேர் எதிர்ப்பக்கம்: ஒவ்வொரு மதமும் மனிதனின் பிரச்சினை என்று வேறு வேறு ஒன்றைக் காண்கிறது, கிறிஸ்தவத்துக்கு அது பாவம், பௌத்தத்துக்குத் துக்கம், இஸ்லாத்துக்குத் தன்னகங்காரம், அதனால் மருந்தும் வேறு என்கிறார். சில இடங்களில் அவசரமாகப் பிரித்துவிடுகிறார் என்று தோன்றும், இருந்தாலும் நான் இவர் பக்கம்தான் அதிகம் சாய்வேன். அடுத்தவர் நம்பிக்கையை மதிப்பது என்றால் அது நம்முடையதைப் போல இல்லாத இடத்தையும் சேர்த்துத்தானே. இரண்டுக்கும் நடுவில் பொதுவாக ஓர் அறிமுகம் போதும் என்பவர்களுக்கு ஹூஸ்டன் ஸ்மித்தின் 'தி வேர்ல்ட்ஸ் ரிலிஜன்ஸ்', முதலில் வேறு பெயரில் வந்து 1958இலிருந்து இன்றுவரை அச்சில் இருக்கிற புத்தகம், ஒவ்வொரு மதத்தையும் அதற்குள்ளே இருப்பவரின் கண்ணால் பார்க்க முயல்வார், நல்ல மனிதர். வில்லியம் ஜேம்ஸின் 1902ஆம் வருட நூலான 'தி வெரைட்டீஸ் ஆஃப் ரிலிஜியஸ் எக்ஸ்பீரியன்ஸ்'ஐயும் பலர் சொல்வார்கள், அதில் நோயுற்ற ஆன்மா பற்றிய உரைகளை மட்டும் படித்தாலே போதும்.

நம் மொழியில் இதற்கு நேரடியாகவே ஒரு ஜோடி இருக்கிறது. தாயுமானவரும் பராபரக்கண்ணி பாடியிருக்கிறார், குணங்குடி மஸ்தான் சாகிபும் பராபரக்கண்ணி பாடியிருக்கிறார். ஒருவர் சைவர், ஒருவர் சூஃபி. இரண்டையும் எடுத்து வைத்துக்கொண்டு ஓர் இரவு மாறி மாறி வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், இரண்டடிக் கண்ணி என்பதால் மூச்சுக்குச் சரியாக இருக்கும். எது ஒன்று, எது வேறு என்று காதுக்கே தெரியும்.

பாரசீகச் சூஃபிக் கவி ரூமியை வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஆங்கிலத்தில் அதிகம் விற்கிற கோல்மன் பார்க்ஸின் வடிவங்கள் பாரசீகத்திலிருந்து நேரே செய்யப்பட்டவை அல்ல, அவருக்கு அந்த மொழி தெரியாது, பழைய ஆங்கில மொழிபெயர்ப்புகளை எடுத்து மறுபடி எழுதியவர். படிக்க இனிமைதான். ஆனால் குர்ஆனும் நபியும் வரும் இடங்கள் பல அதில் கரைந்துபோய்விட்டன. அவருடைய பெரிய கவிதை நூலான மஸ்னவி ஆறு பாகம், சுமார் 25,000 ஈரடிகள், முழுதும் முடியாவிட்டாலும் முதல் பாகத்தின் புல்லாங்குழல் புலம்பலையாவது நேரடி மொழிபெயர்ப்பில் படியுங்கள்.

கீதையை ஏன் விட்டாய் என்று கேட்பார்கள். விடவில்லை, இப்போதுதான் போய்க்கொண்டிருக்கிறது. 18 அத்தியாயத்தையும் ஒரே ஓட்டமாக ஓடியது முன்பு செய்த தவறு. இந்த முறை இரண்டாம் அத்தியாயத்தின் கடைசி 19 சுலோகங்கள் மட்டும், காந்தியின் ஆசிரமத்தில் மாலைப் பிரார்த்தனையில் சொல்லப்பட்டவை, நிலைத்த அறிவுள்ளவன் எப்படி இருப்பான் என்று அர்ஜுனன் கேட்பதில் தொடங்கும். வாரத்துக்கு ஒரு சுலோகம் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். ஐந்தாவதில் நிற்கிறேன், உறுப்புகளை உள்ளே இழுத்துக்கொள்ளும் ஆமை வருகிற இடம். குறளில் 126ஐ எடுத்துப் பாருங்கள், அங்கேயும் அந்த ஆமை இருக்கிறது.