மூன்று தோப்புக்கரணமும் ஒரு இலவச ஆப்பும்

ஜிம்முக்கு ஒரு வருஷப் பணத்தை மொத்தமாகக் கட்டிவிட்டுப் பதினோரு நாள் போனவன் நான், அதனால் உடம்பைப் பற்றி எனக்கு ஏதோ தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள். ஜிம்முக்கு அப்புறம் காசு கொடுத்து ஒரு ஆப் வாங்கினேன், பெயர் வேண்டாம். தினமும் அரை மணி நேர நடை. 43 நாள் ஸ்ட்ரீக், அதாவது ஒரு நாளும் விடாத தொடர் கணக்கு, ஓடிக்கொண்டிருந்தபோது திருநெல்வேலியில் சித்தி மகள் கல்யாணம், பஸ்ஸும் பந்தியுமாக ஒரு நாள் விட்டுப்போனது. மறுநாள் திறந்தால் பெரிய பூஜ்யம், பக்கத்தில் அழுகிற பொம்மை. அழ வேண்டியவன் நான், அது எதற்கு அழுகிறது? அன்றோடு நடையும் போச்சு, ஆப்பும் போச்சு.

இப்போது எட்டு மாதமாக இருப்பது லூப் ஹேபிட் டிராக்கர், பழக்கங்களைக் குறித்து வைக்கிற ஆப். இலவசம், விளம்பரம் கிடையாது, ஓப்பன் சோர்ஸ் (உள்ளே எழுதியிருக்கிற நிரலை யாரும் பார்க்கலாம்), கணக்கு தொடங்கு, மின்னஞ்சல் கொடு என்ற தொல்லையும் இல்லை. பழக்கத்தின் பெயர், எதிரே நாளுக்கு ஒரு கட்டம், அழுத்திப் பிடித்தால் டிக். அவ்வளவுதான். நினைவூட்டும்போது என்ன கேட்க வேண்டும் என்பதை நாமே எழுதி வைக்கலாம். நான் எழுதியிருப்பது: "பால் பொங்குறதுக்குள்ள போட்டாச்சா?"

போட வேண்டியது மூன்று தோப்புக்கரணம். மூன்றே மூன்று. காலையில் பாலை அடுப்பில் வைத்ததும் அங்கேயே நின்று காதைப் பிடித்துக்கொண்டு. முதல் நாள் பார்த்த அம்மா, "பிள்ளையார் கோயில்ல போட்டாலாவது புண்ணியம்டா" என்றார். பால் பொங்க நேரமாகும் என்பதால் பல நாள் இருபதுகூடப் போய்விடுகிறது, ஆனால் டிக் போட மூன்று போதும் என்பதை மட்டும் மாற்றவே இல்லை. தலைவலி நாளிலும் மூன்று போட்டுவிட முடிகிறது, அரை மணி நடைக்கு இந்தச் சலுகை கிடையாது.

21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்பார்கள், நம் ஊர்க் கணக்கில் ஒரு மண்டலம், 48 நாள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 96 பேரை 12 வாரம் கவனித்து 2009-ல் வெளியிட்டதில் சராசரி 66 நாள் என்று வந்தது, ஆளைப் பொறுத்து 18-லிருந்து 254 வரை (12 வாரத்தைத் தாண்டியது கணக்குப் போட்டு ஊகித்தது). நடுவில் ஒரு நாள் விட்டதால் பெரிதாக எதுவும் கெடவில்லை என்பதும் அதிலேயே இருக்கிறது. இந்த ஆப்பின் கணக்கும் அப்படித்தான் ஓடுகிறது. ஸ்ட்ரீக்கையும் காட்டும், ஆனால் முக்கியமாகக் காட்டுவது பழக்கம் எவ்வளவு ஊறியிருக்கிறது என்கிற சதவீதக் கணக்கு. தினசரிப் பழக்கத்தை ஒரு மாதம் விடாமல் செய்தால் 80, இரண்டு மாதத்தில் 96. ஒரு நாள் விட்டால் 80 என்பது 76 ஆகும், பூஜ்யம் ஆகாது. தீபாவளிக்கு ஊருக்குப் போய் நாலு நாள் விட்டபோது எனக்கு 96-லிருந்து 78-க்கு இறங்கியது, திரும்ப 90-ஐத் தொட இரண்டு வாரம் பிடித்தது. வலிக்கத்தான் செய்தது, ஆனால் ஆப்பை அழிக்கத் தோன்றவில்லை.

வாரத்துக்கு மூன்று தடவை என்றும் வைக்கலாம். செலவுக் கணக்கு ஒரு வரி எழுதுவதை அப்படி வைத்திருக்கிறேன், மூன்று முடிந்தால் மற்ற நாட்களுக்கு வெளிர் நிறத்தில் தானாகவே டிக் விழுந்துவிடுகிறது.

ஆசைப்பட்டு முதல் வாரமே ஒன்பது பழக்கம் சேர்த்தது என் புத்தி, ஆப் தடுக்காது. அதில் ஏழு பழக்கத்தை எடுத்துவிட்டேன். ஃபோன் மாற்றினால் பேக்கப் கோப்பை நாமே எடுத்துப் போட வேண்டும், மறந்தால் எல்லாம் போச்சு.

ஆண்ட்ராய்டுக்கு மட்டும்தான். வீட்டுக்காரியிடம் இருப்பது ஐஃபோன், அதனால் அவள் பால் கணக்கு எழுதுகிற நகைக்கடை காலண்டரிலேயே காலை வெந்நீருக்குப் பென்சிலால் ஒரு புள்ளி வைக்கிறாள். நேற்று எண்ணிப் பார்த்தேன், என்னைவிட அவள் விட்ட நாள் குறைவு.