ஓதம் ஏறும் நன்னீர் ஆற்றில் ஒரு சிலிக்கா சோதனைப் பெட்டி

ஆற்றில் வாழும் நுண்ணிய ஓடுடைய பாசிகளான டயட்டம்களைப் பற்றி எழுதும் பலரும் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் அளந்துவிட்டு, டயட்டம்களின் ஓட்டுக்கே மூலப்பொருளான சிலிக்காவை அளக்காமல் விட்டுவிடுவது எனக்கு நெடுநாள் மனக்குறை. கடலின் ஓதம் ஏறி இறங்கினாலும் உப்பு எட்டாத ஆற்றுப் பகுதியில் இந்தக் குறையைத் தீர்க்க முடியுமா என்று பார்க்கவே, நிறத்தின் அடர்வை அளக்கும் கையடக்க நிறமானியுடன் வரும் இந்தச் சோதனைப் பெட்டியை வாங்கினேன். இது கொதிகலன் நீரைச் சோதிப்பவர்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட பொருள். ஆனாலும் சில நிபந்தனைகளோடு ஆற்றங்கரைக்கும் நம்பி எடுத்துச் செல்லலாம்.

வடிகட்டிய நீரில் மாலிப்டேட் (மாலிப்டினம் உப்பு) தூளையும் அமிலத் தூளையும் கரைத்துச் சில நிமிடங்கள் விட்டால், கரைந்த சிலிக்கா மாலிப்டேட்டோடு சேர்ந்து நீரை மஞ்சளாக்குகிறது. பாஸ்பேட்டும் இதே மஞ்சளைத் தரும் என்பதால், கழிவுநீர் கலக்கும் ஆறுகளில் அது பெரிய தொல்லை. அந்த மஞ்சளை மட்டும் கலைக்கும் சிட்ரிக் அமிலத்தைப் பெட்டியிலேயே வைத்திருப்பது பாராட்டத்தக்கது. அதைச் சேர்த்ததும் நிறம் சற்று வெளிறுவதைக் கண்ணாலேயே காணலாம். சிலிக்கா குறைவாக உள்ள நீரில் இன்னொரு தூளைச் சேர்த்தால் எஞ்சிய மஞ்சள் நீலமாகிறது. நீலத்தைக் கொண்டு மிகச் சிறிய அளவுகளையும் பிரித்தறியலாம்.

மஞ்சள், நீலம் என்ற இந்த இரண்டு அளவெல்லைகளும் ஒரே பெட்டியில் இருப்பதுதான் இதை ஆற்றுக்கு ஏற்றதாக்குகிறது. பாறைகள் சிதைந்து கரைவதால் உலக ஆறுகளில் சராசரியாக லிட்டருக்கு ஏறத்தாழ 10 மில்லிகிராம் சிலிக்கா வருகிறது. அதற்கு மஞ்சள் போதும். வெயில் கூடி, நீரோட்டம் தணிந்து, சைக்ளோடெல்லா, ஸ்டெஃபனோடிஸ்கஸ் போன்ற டயட்டம்கள் பெருகும்போது அந்த அளவு மிக வேகமாகச் சரியும். நன்னீர் டயட்டம்கள் கடல் டயட்டம்களைவிடப் பன்மடங்கு கனமான ஓடுகளைக் கட்டுவதும் இதற்கு ஒரு காரணம். கடல்நீரில் நடந்த ஆய்வுகளின்படி, சிலிக்கா லிட்டருக்கு 2 மைக்ரோமோலுக்கு, அதாவது ஏறத்தாழ 0.12 மில்லிகிராமுக்குக் கீழே போனால், டயட்டம்களின் ஆதிக்கம் தளர்ந்து ஓடில்லாத பாசிகளுக்கு வழி திறக்கிறது. நீல முறை அந்த எல்லையைத் தெளிவாகவே காட்டுகிறது.

கையேடுதான் ஏமாற்றம். கண்ணாடியிலிருந்தே சிலிக்கா கசியும் என்பதால் மாதிரியைப் பிளாஸ்டிக் குப்பியில்தான் வைத்திருக்க வேண்டும் என்றோ, கண்ணாடி இழை வடிதாளைத் தவிர்க்க வேண்டும் என்றோ அதில் ஒரு வரிகூட இல்லை. சிலிக்கா மிகுந்த நன்னீரை உறையவைத்தால் அதன் ஒரு பகுதி பலபடியாகி (மூலக்கூறுகள் ஒன்றோடொன்று இணைந்து) மாலிப்டேட்டுக்குச் சிக்காமல் போகும் என்பதையும் சொல்லவில்லை. குளிரில் வைத்தால் போதும், உறையவிடக் கூடாது. சதுப்பிலிருந்து வடியும் நீர் இயல்பாகவே பழுப்பாக இருக்கும். தூள் சேர்க்காத அதே நீரைக் கொண்டு கருவியைச் சுழியாக்காவிட்டால் அந்தப் பழுப்பும் சிலிக்காவாகப் பதிவாகிவிடும். திரையில் வருவது சிலிக்காவின், அதாவது சிலிக்கான் டைஆக்சைடின் எடை. ஆய்வுக் கட்டுரைகள் சிலிக்கானின் எடையைத் தந்தால், திரையில் வரும் எண்ணை 2.14-ஆல் வகுத்த பிறகே ஒப்பிட வேண்டும்.

இந்தப் பெட்டி பார்ப்பது கரைந்த சிலிக்காவை மட்டுமே. ஓடுகளாகவும் நாணல் இலைகளின் திசுக்களாகவும் கெட்டிப்பட்டிருக்கும் சிலிக்கா அதன் கண்ணுக்குப் படாது. பெல்ஜியத்தின் ஸ்கெல்ட் ஆற்றில் ஓதம் கென்ட் நகர்வரை, கடல்முகத்திலிருந்து ஏறத்தாழ 160 கிலோமீட்டர் ஏறுகிறது. அங்குள்ள நன்னீர்ச் சதுப்புகள் அந்தக் கெட்டிச் சிலிக்காவைச் சேர்த்துவைத்து, கோடையில் ஆற்றில் கரைந்த சிலிக்கா தீரும்போது ஓதம் இறங்கும்போது வடியும் நீர் வழியே திருப்பிக் கொடுப்பதை ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். ஆகவே ஏற்றத்தின்போது ஒருமுறையும், சதுப்பின் ஓடை வடியும் கடைசி நேரத்தில் ஒருமுறையும் அளக்காமல், ஒரே எண்ணை வைத்து ஆற்றைப் பற்றி முடிவு கட்டுவது தவறு.

கெட்டிச் சிலிக்காவும் தேவைப்படுவோர், வடிதாளில் தங்கியதை நீர்த்த சோடியம் கார்பனேட்டில் 85 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் வைத்துக் கரைத்து, அமிலத்தால் நடுநிலையாக்கி, அதே மாலிப்டேட் தூள்களைக் கொண்டு அளக்கலாம். அந்த வேலைக்கு வெப்பநீர்த் தொட்டியும் பாலிப்ரொப்பிலீன் குழாய்களும் தனியே வேண்டும்; பெட்டியில் அவை இல்லை.