‘எல்லாம் பக்கப் எடுத்தாச்சு அக்கா’ என்றால் நம்பிவிடாதீர்கள்

லப்டொப்பைக் கடையில் கொடுத்துப் புதிதாக விண்டோஸ் அடிக்க யோசித்திருப்பவர்கள், கொடுப்பதற்கு முன் இதை ஒருதரம் வாசித்துவிடுங்கள். எனக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக்கூடாது. பக்கப் என்றால் பைல்களுக்கு எடுத்து வைக்கும் மறுபிரதி.

நான் ஒட்டுசுட்டானில் வீட்டோடு இருந்து தட்டச்சு வேலை செய்கிறேன். பாடசாலை வினாத்தாள், சாமத்தியவீட்டு அழைப்பிதழ், திருவிழா நோட்டீஸ் எல்லாம் வரும். ஆனால் அதிகம் செய்வது கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகம். ஒரு வீட்டில் இழவு விழுந்தால் 31ஆம் நாளுக்கு முன் அந்தப் புத்தகம் அச்சடித்து வந்துவிட வேண்டும். வம்சாவளி, வாழ்க்கைக் குறிப்பு, தேவாரம், நன்றி நவிலல், நடுவில் படங்கள். 2019இல் வாங்கிய லப்டொப்பில் ஆறு வருடக் கல்வெட்டுகள் இருந்தன. 2009இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடியபோதும் பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுவந்த படங்களைச் சனம் என்னிடம் தந்து ஸ்கான் பண்ணுவித்தார்கள். சில வீடுகளில் அசல் படம் பிறகு பூஞ்சணம் பிடித்துப் போய்விட்டது. என்னிடம் இருந்த ஸ்கான்தான் மிச்சம்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. திரையில் அந்த அறிவித்தல் வந்துகொண்டே இருந்தது. ஹார்ட் டிஸ்கும் களைத்துவிட்டது. காலையில் போட்டால் தேத்தண்ணி குடித்துவிட்டு வரும்வரை சுற்றிக்கொண்டிருக்கும். போன மாசியில் ஏ9 வீதியோரத்தில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். எஸ்எஸ்டி என்ற வேகமான புது வகை டிஸ்க் போட்டு, விண்டோஸ் 11 அடித்து, ‘ஒறிஜினல் லைசென்ஸும்’ போட்டு 21,500 ரூபாய் என்றார்கள். கடைத் தம்பியிடம் மூன்று தரம் கேட்டேன்.

“பழசில இருக்கிறது எல்லாம் வருமா தம்பி?”

“எல்லாம் பக்கப் எடுத்துப் போட்டுத்தான் அடிப்பம் அக்கா. ஒண்டுக்கும் யோசியாதேங்கோ.”

இரண்டு நாளில் தந்தார்கள். கடையில் திறந்து பார்த்தேன். டெஸ்க்டொப்பில் என் போல்டர்கள் வரிசையாக இருந்தன. சந்தோசத்தோடு காசைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். நான் விட்ட முதல் பிழை இது.

வீட்டில் வந்து, பாதியில் நின்ற ஒரு கல்வெட்டைத் திறந்தேன். ‘அம்மா’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் நடுவில் ஓர் அரைப்புள்ளியும் நின்றன. பக்கம் முழுக்க அப்படித்தான். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் வேலை செய்தவர்களுக்கு இது விளங்கும். அது இப்போது எல்லா மெஷினிலும் தமிழாகவே தெரியும் யூனிகோட் முறை இல்லை. உள்ளே சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துத்தான், அதற்குத் தமிழ் உருவம் கொடுப்பது எழுத்துரு. புள்ளிக்கு அரைப்புள்ளியை அழுத்துவோமே, எழுத்துரு இல்லாவிட்டால் அந்த அரைப்புள்ளி அப்படியே தெரியும். எழுத்துருக்கள் பெரும்பாலும் சி டிரைவில் விண்டோஸ் போல்டருக்குள்ளே இருப்பவை. டெஸ்க்டொப்பையும் டொக்யூமெண்ட்ஸையும் மட்டும் கொப்பி பண்ணினால் அவை வராது. பாமினியை மறுபடி இறக்கிக்கொள்ளலாம். தலைப்புக்கென்று காசு கொடுத்து வாங்கிய எழுத்துருக்களுக்கு நான் எங்கே போவது?

அப்புறம் ஒவ்வொன்றாகத் தெரியவந்தது. உலாவியில் குறித்துவைத்த பக்கங்கள் இல்லை. வேர்டில் நான் அமைத்துவைத்த கல்வெட்டு வார்ப்புரு இல்லை. தமிழில் தட்டச்சு செய்ய உதவும் என்எச்எம் ரைட்டர் மென்பொருள் இல்லை. இந்த அமைப்புகளில் பெரும்பாலானவை ஒவ்வொரு பயனரின் பெயரிலும் உள்ள ‘ஆப் டேட்டா’ என்ற போல்டருக்குள் இருக்கும். அது சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாது, மறைத்து வைக்கப்பட்ட போல்டர். கடைகளில் ‘பக்கப்’ என்று சொல்லும்போது இதை யாரும் எண்ணுவதில்லை. மென்பொருளைத் திரும்பப் போட்டுவிடலாம், அதில் ஆறு வருடமாகச் செய்துவைத்த அமைப்பு அதோடு வராது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். டி டிரைவைத் தேடினபோதுதான் நெஞ்சு அடைத்தது. கல்வெட்டுப் படங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. சி டிரைவில் விண்டோஸ் இருக்கும், டியில் போட்டால் போர்மற் அடித்தாலும் போகாது என்று வருடக்கணக்காக நம்பியிருந்தேன். ஒரே டிஸ்கைத்தான் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறோம். டிஸ்கையே கழற்றினால் இரண்டும் சேர்ந்துதானே போகும். கடைக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“புது எஸ்எஸ்டி 256 ஜிபி தானே அக்கா. டியில இருந்தது கொள்ளாது.”

“அப்ப பழைய டிஸ்கைத் தாங்கோ தம்பி.”

“அது எக்ஸ்சேஞ்சில எடுத்தது. அதுக்குத்தானே விலை குறைச்சது. வேற ஆளுக்குப் போட்டுக் குடுத்தாச்சு.”

எக்ஸ்சேஞ்ச் என்ற சொல்லை அன்றுதான் முதன்முதலாகக் கேட்கிறேன். விலை பேசும்போது ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊர்ச் சனத்தின் அடையாள அட்டைப் பிரதிகள், இறப்புச் சான்றிதழ்கள், படங்கள் எல்லாம் இருந்த டிஸ்கை என்னைக் கேட்காமல் இன்னொருவருக்குக் கொடுத்திருக்கிறார்கள். கழற்றிய டிஸ்க் உங்களுடையது, கையில் வாங்காமல் கடையை விட்டு இறங்காதீர்கள். சின்ன யூஎஸ்பி கேஸ் ஒன்று வாங்கி அதற்குள் போட்டால் அதுவே வெளி ஹார்ட் டிஸ்க் ஆகிவிடும். தவறுதலாக யாரும் போர்மற் அடித்துவிட்டாலும் அந்த டிஸ்கில் எதையும் மேலே எழுதாமல் வைத்திருங்கள். பழைய வகை ஹார்ட் டிஸ்க் என்றால் போட்டோரெக் போன்ற இலவச மென்பொருளால் நிறைய மீட்கலாம். எஸ்எஸ்டியில் அந்த வாய்ப்பு மிகக் குறைவு, அழிந்த இடத்தை அதுவே துப்புரவாக்கிவிடும்.

கதை இதோடு முடியவில்லை. மூன்று கிழமை கழித்து, ஒரு அப்டேட் முடிந்து மெஷின் திரும்ப எழும்பும்போது நீலத் திரை வந்து 48 இலக்க மீட்புத் திறவுகோலைக் கேட்டது. எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பிறகு படித்து அறிந்தது இதுதான்: 2024இன் கடைசியில் வந்த 24எச்2 பதிப்பிலிருந்து, விண்டோஸ் 11ஐப் புதிதாக அடித்து மைக்ரோசொப்ட் கணக்கில் உள்நுழைந்தால் பெரும்பாலான மெஷின்களில் டிஸ்க் தானாகவே பூட்டிக் குறியாக்கப்படும். திறவுகோல் எந்தக் கணக்கால் உள்நுழைந்தார்களோ அந்தக் கணக்கில் போய் இருக்கும். என் லப்டொப்பில் கடைக்காரர் தங்கள் மின்னஞ்சலைப் போட்டிருந்தார்கள். என் வீட்டுத் திறப்பு அவர்களிடம் இருந்தது. அதை வாசித்துச் சொல்ல 3,000 ரூபாய் கேட்டார்கள். வேறு வழியில்லாமல் கொடுத்தேன். நீங்களே உங்கள் மின்னஞ்சலால் உள்நுழையுங்கள், அல்லது வாங்கும்போதே அவர்கள் கணக்கை எடுப்பித்துவிடுங்கள். திறவுகோலைக் கொப்பியில் எழுதி வையுங்கள்.

லைசென்ஸ் காசும் வீண். 2012இல் விண்டோஸ் 8 வந்த பிறகு, விண்டோஸோடு விற்கும் லப்டொப்களில் லைசென்ஸ் இலக்கத்தைப் பெரும்பாலும் தயாரித்தவர்களே மதர்போர்டில் பதித்துத்தான் விற்கிறார்கள். அதே பதிப்பை மறுபடி அடித்தால் காசில்லாமல் தானாகச் செயற்படும். எனக்கு இருந்த ஹோம் பதிப்பை விட்டுவிட்டு, களவாகச் செயற்படுத்திய புரோ பதிப்பைப் போட்டிருக்கிறார்கள். அதற்காக, வைரஸ் காவல் அதைக் கண்டுகொள்ளாதபடி விலக்கும் போட்டு வைத்திருந்தார்கள். ‘எஸ்எல்எம்ஜிஆர்’ கட்டளையை ‘எக்ஸ்பிஆர்’ சேர்த்து (slmgr /xpr) ஓடவிட்டால் காலாவதித் திகதி காட்டும். 180 நாளுக்குள் ஒரு திகதி வந்தால் பெரும்பாலும் உங்களுக்கும் இதே வேலைதான் நடந்திருக்கிறது.

இப்போது நான் செய்வது இப்படி. வெளி டிஸ்க் ஒன்றில் டி டிரைவ் முழுவதையும், பயனர் போல்டரை ஆப் டேட்டாவோடும், எழுத்துருப் போல்டரையும் நானே கொப்பி பண்ணுகிறேன். உலாவிக் குறிப்புகளைத் தனி பைலாக ஏற்றுமதி செய்கிறேன். போட்டிருக்கும் மென்பொருள் பட்டியலைத் தொலைபேசியில் படம் எடுக்கிறேன். அதன் பிறகு பக்கத்து வீட்டு மெஷினில் அந்த டிஸ்கைச் செருகி, நாலைந்து பைலைத் திறந்து பார்த்த பிறகுதான் அதைப் பக்கப் என்று எண்ணுகிறேன்.

கடையில் பற்றுச்சீட்டுக் கேளுங்கள். கேட்டால் கொடுக்க வேண்டியது சட்டம். எனக்குத் தந்தது துண்டுக் கடதாசியில் எழுதிய ஒரு தொகை மட்டுமே. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு எடுத்து முறையிட்டிருக்கிறேன், ஆனால் கையில் காட்ட ஒன்றும் இல்லை.

இன்னொன்று. கிளிநொச்சி, மாங்குளம், முல்லைத்தீவுப் பக்கம் அண்மையில் பாவித்த கணினி வாங்கியவர்கள் யாராவது இதை வாசித்தால், அதன் டிஸ்கில் ‘கல்வெட்டு’ என்ற பெயரில் ஒரு போல்டர் இருக்கிறதா என்று தயவுசெய்து பாருங்கள். இருந்தால் அழித்துவிடாதீர்கள். அதில் உள்ள படங்களில் சிலதுக்கு வேறு பிரதி எங்கும் இல்லை. டிஸ்கை நீங்களே வைத்திருங்கள், கொப்பி பண்ண ஒரு மணித்தியாலம் தந்தால் போதும். எந்த ஊரென்றாலும் நான் வருகிறேன்.