கோ மொழியின் ரிஃப்ளெக்ட்டோடு ஆறு வருடம்

சூழல் மாறிகளை (புரோகிராமுக்கு வெளியிலிருந்து கொடுக்கும் அமைப்பு மதிப்புகள்) படித்து ஒரு ஸ்ட்ரக்டில் (பல ஃபீல்டுகளை ஒன்றாகக் கட்டிய தரவு) நிரப்பித் தரும் சின்ன லைப்ரரி ஒன்று எழுத வேண்டியிருந்தது. அதற்காகத்தான், புரோகிராம் ஓடும்போதே டைப்புகளையும் ஃபீல்டுகளையும் ஆராய்ந்து மாற்ற விடும், கோ மொழியின் ரிஃப்ளெக்ட் பேக்கேஜை முதலில் தொட்டேன். ஆறு வருடமாக அந்த லைப்ரரி ஓடிக்கொண்டிருக்கிறது. உள்ளே மட்டும் நாலு முறை பிரித்து மேய்ந்திருக்கிறேன்.

முதல் அடி எல்லோரும் வாங்குவதுதான். ஸ்ட்ரக்டை அப்படியே கொடுத்துவிட்டு ஃபீல்டில் மதிப்பை வைக்கப் போனேன், பேனிக்: புரோகிராம் பிழையோடு நின்றுவிட்டது. உள்ளே போனது நகல். அதில் எழுதினால் அசலுக்கு ஒன்றும் ஆகாது என்பதால் ரிஃப்ளெக்ட் விடாது. பாயிண்டரை, அதாவது அசல் இருக்கும் முகவரியைக் கொடுத்து, எலெம் என்ற மெத்தட் வழியாக அசலுக்கு இறங்க வேண்டும். அப்போதும் சிறிய எழுத்தில் தொடங்கும் ஃபீல்டைப் பார்க்கலாம், மாற்ற முடியாது. கேன்செட் (மாற்ற முடியுமா) என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதுவது இப்போது கை தானாகச் செய்யும் வேலை.

என்னை உண்மையில் படுத்தியது வேறு. ஒவ்வொரு ஃபீல்டின் கைண்டை, அதாவது டைப்புக்கு அடியில் இருக்கும் அடிப்படை வகையைப் பார்த்து, முழு எண் என்றால் எண்ணாக மாற்றி வைத்துவிடும்படி எழுதியிருந்தேன். கால அளவுக்கான, டைம் பேக்கேஜின் ட்யூரேஷன் தனி டைப்தான், ஆனால் கைண்டைக் கேட்டால் இன்ட்64 என்ற முழு எண் என்கிறது. ஒருவர் காலக்கெடுவுக்கு 30 என்று கொடுத்தார், 30 விநாடி என்ற நினைப்பில். ட்யூரேஷன் எண்ணுவது நானோ விநாடியில். எந்த இணைப்பும் நிலைக்கவில்லை, நெட்வொர்க்கைத் திட்டியே பாதி நாள் போனது. கம்பைலர் எப்படிச் சொல்லும்? அதன் கண்ணைக் கட்டியதே நான்தானே. இப்போது முதலில் டைப்பை ஒப்பிடுகிறேன், அது பொருந்தாவிட்டால்தான் கைண்ட். '30எஸ்' என்று அலகோடு எழுதாவிட்டால் பிழை.

வேகம் பற்றிப் பெரிதாகப் பயமுறுத்துவார்கள். நேரடியாக எழுதுவதைவிட மெதுவுதான், மறுக்கவில்லை. ஆனால் புரோகிராம் தொடங்கும்போது ஒரே முறை நடக்கிற வேலைக்கு அது யாருக்குத் தெரியப் போகிறது? அடிக்கடி ஓடும் இடமென்றால் டைப்பின் விவரங்களை ஒருமுறை அலசி கேஷில் வைத்துக்கொள்ளலாம். தரவை ஜேசான் என்ற எழுத்து வடிவுக்கு மாற்றும் கோவின் சொந்த பேக்கேஜும் அதைத்தான் செய்கிறது.

2022இல் 1.18 பதிப்போடு, ஒரே ஃபங்ஷனைப் பல டைப்புகளுக்கும் எழுத விடும் ஜெனரிக்ஸ் வந்ததும் என் பாதி ரிஃப்ளெக்ட் வேலைக்கு விடை கொடுத்தேன். எந்த டைப் ஸ்லைஸிலும் (பட்டியலிலும்) தேடுவது, வடிகட்டுவது எல்லாம் அங்கே போய்விட்டது. டெஸ்டுகளில், இரண்டு மதிப்புகளை உள்ளே வரை ஒப்பிடும் ரிஃப்ளெக்டின் டீப்ஈக்வலையும் குறைத்துவிட்டேன். நில் (இன்னும் உருவாக்கப்படாத) ஸ்லைஸும் காலி ஸ்லைஸும் வேறு என்று அது அடம்பிடிக்கும். ஃபீல்டுகளின் பெயரையும் டேக்கையும் (ஃபீல்டோடு ஒட்டி எழுதும் குறிப்பு) படிக்க ஜெனரிக்ஸால் முடியாது, அதனால் என் லைப்ரரியில் ரிஃப்ளெக்ட் நீடிக்கிறது.

ஒரு குறை மட்டும் இன்னும் தீரவில்லை. உள்ளே ஒரு ஸ்ட்ரக்டுக்கான பாயிண்டர் நில்லாக இருந்தால், புதிதாக ஒன்றை உருவாக்கி நிரப்புகிறேன். அந்தப் பகுதிக்கு ஒரு மாறிகூட வராவிட்டாலும் அது நில் இல்லாமல் ஆகிவிடுகிறது. அந்த இடத்தில் ஒரு 'பிறகு பார்க்கலாம்' கமென்ட் இரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறது.